கொக்கித் தழும்பு என்று நான் நினைத்த கட்டி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், போன வருஷம் என் நெஞ்சிலிருந்து எடுத்தது கொழுப்புக் கட்டி இல்லை, மார்பகப் புற்றுநோய் என்று நான் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். நீ ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்ப எனக்கும் ஒன்னு இருக்குப்பா, அதே சைடு. அப்பனுக்குப் புள்ள தப்பாம" என்றாய். உன் சின்னம்மா சிரித்தாள். உனக்கு நிச்சயமான தர்ஷினி உன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உன் அம்மா மட்டும் கையிலிருந்த அப்பளத்தை உடைக்காமல் வைத்திருந்தாள். அடுத்த நிமிடம் பேச்சு கல்யாண மண்டபத்துக்கும் பிரியாணிக்கும் போய்விட்டது. நீ வேலைக்கு நேரமாச்சு என்று மோட்டார் சைக்கிளில் ஏறிப் பாலத்தைத் தாண்டி ஜோர்ஜ்டவுனுக்குப் போய்விட்டாய். திங்கட்கிழமை "நேத்து சொன்னது விளையாட்டா?" என்று செய்தி அனுப்பினேன். சிரிக்கிற மூஞ்சி மூன்று வந்தது. அந்த மூஞ்சியை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷமாக என் கழுத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது அதுதான்.

நேரில் பேசினால் நாம் இரண்டு பேருமே மூன்றாவது வாக்கியத்தில் ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவோம். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். என் மூக்கு உனக்கு வரவில்லை, என் நிறம் வரவில்லை, வாய் மட்டும் அச்சு மாறாமல் வந்திருக்கிறது. எனக்கு இப்போது பயம் தருவது அந்த வாய்தான். உண்மையாகவே ஒன்று இருந்தால் அதை நீ எப்படிச் சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, யாரும் திரும்பிக் கேட்காதபடி சொல்வாய். நானும் அப்படித்தான் செய்தேன். கட்டிக்கப்போகிற நேரத்தில் கட்டியைப் பற்றி எழுதுகிறாரே என்று சலித்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது, இதைப் படிக்கக் கால் மணி நேரம் போதும். படித்த பிறகு உன் உறுமி மேளக் குழுப் பையன்களுக்கும் கொடு. அவர்களுக்கும் நெஞ்சு இருக்கிறது. என் பெயரை மறைக்கச் சொல்லவேண்டியதில்லை, நான் கையெழுத்தே போடப்போவதில்லை.

பதினாறு வயதில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குக் கொஞ்சம் தெரியும். பள்ளிக்கூடத்தில் ரோஜா சர்பத்தைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே கண்ணை மூடிப் படுத்து, தலைமையாசிரியரைச் செருப்பில்லாமல் ஓடிவர வைத்தவன். வயது கூடியதே தவிர ஆள் மாறவில்லை. கல்யாணமான மூன்றாவது மாதம் பிறையில் நான் வேலை பார்க்கிற கார்ப் பட்டறையிலிருந்து உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். குரலை மாற்றி, "உங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டுருச்சும்மா, ஒரு கைதான் மிச்சம்" என்றேன். அவள் அழுதுகொண்டே டாக்சி பிடித்து வந்து இறங்கினாள். நான் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். பட்டறையே சிரித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு நெசமாவே எதாச்சும் ஆவும். அன்னிக்கு நான் வரமாட்டேன், பாத்துக்குங்க" என்றாள். அதையும் நான் ஒரு நல்ல ஜோக்காக ரொம்ப வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீ ஜொகூரில் வேலைப் பயிற்சியில் இருந்தபோது, பாகான் டாலாமில் நம் வீட்டுப் பக்கத்துப் பொது மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. மார்பைத் தானே எப்படிப் பரிசோதிப்பது என்று ஒரு நர்ஸ் மிசி வந்து சொல்லிக்கொடுத்தார். அம்மாவும் சின்னம்மாவும் போனார்கள். மேசையில் ரப்பர் மார்பு ஒன்றை வைத்து, உள்ளே ஒளிந்திருக்கிற சின்னச் சின்ன உருண்டைகளைத் தேடச் சொன்னாராம். மூன்று வழி காட்டியிருக்கிறார். முதலாவது வட்டம். காம்பிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வருவது. இரண்டாவது கோடு. அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும் மேலும் கீழுமாக, புல் வெட்டுகிறவன் திடலில் போவது போல, ஒரு கோட்டை ஒட்டி அடுத்த கோடு. மூன்றாவது கேக் வெட்டுவது மாதிரி. ஓரத்திலிருந்து காம்பு வரை வந்து, திரும்பப் போய், அடுத்த துண்டு. வகுப்புக்கு ஒன்றாகப் போன அக்காவும் தங்கையும் வீட்டுக்கு இரண்டு கட்சியாகத் திரும்பி வந்தார்கள்.

"வட்டந்தான்க்கா சுலுவு. தோச ஊத்துற மாதிரி நடுவுல இருந்து சுத்திக்கிட்டே வந்தா வேல முடிஞ்சிச்சு" என்றாள் சின்னம்மா.

"ஒன் தோச என்னிக்கு ஓரம் வரைக்கும் வந்துச்சு? அக்குள் பக்கத்த யாரு பாப்பா, பக்கத்து வீட்டுக்காரியா?"

"கோடு போட்டா நேரம் ஆவுதுலா. எனக்கு ஷிப்ட்டு இருக்கு."

"மாசத்துல ஒரு நாளுடி. அந்தச் சீரியல்ல மாமியார் வில்லத்தனம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள நாலு தடவ போடலாம்."

கோட்டுக் கட்சி, கோலக் கட்சி என்று நான் பெயர் வைத்தேன். கேக் வெட்டுகிறதுக்கு ஓட்டே விழவில்லை, அதற்கு டெபாசிட் போச்சு என்றேன். மிசி சொன்ன தீர்ப்பை அம்மா ஒரு சீட்டில் எழுதிக் குளியலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். எந்த வழியானாலும் இடம் விடக்கூடாது. கோட்டில் இடம் விட்டுப்போவது பொதுவாகக் குறைவு. மாதவிலக்கு வந்த சில நாள் கழித்துப் பார்க்கவேண்டும், நின்றுபோனவர்கள் மாதாமாதம் ஒரே தேதியில். இதைச் செய்கிறோம் என்பதற்காக டாக்டரிடம் போகாமலோ மாமோகிராம் எடுக்காமலோ இருக்கக்கூடாது. வழக்கமாக எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தால், வழக்கம் மாறும்போது கைக்குத் தெரியும், அவ்வளவுதான். நான் தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று பல் துலக்கினேன். அது பெண்களுக்கான சீட்டு என்பதால் எனக்கு அதில் ஒரு வேலையும் இருக்கவில்லை. இதற்கிடையில் சின்னம்மாவின் வட்டம் ஒன்றைப் பிடித்தது. பரிசோதித்தார்கள், வெறும் நீர்க்கட்டி. கட்டியெல்லாம் புற்று இல்லை என்று அவள் தெருவுக்கே சொன்னாள், தன் கட்சிதான் ஜெயித்தது என்றும் சொன்னாள்.

உண்மையில் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ள ஆள் நான்தான். முப்பது வருஷம் மோதி நெளிந்த காடிக்குச் சொட்டை எடுத்துச் சாயம் அடித்தவன். இடிபட்ட கதவைத் தட்டி நிமிர்த்தி, பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு, அது சமமாகிவிட்டதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. தகரத்தின் மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு விரலை வைக்கவேண்டும். விரலின் நுனிக்கொனையை வைக்கக்கூடாது, அது குத்திப் பார்க்குமே தவிர உணராது. நகத்துக்குப் பின்பக்கம் இருக்கிற சதையைப் படுக்கவைத்து, மூன்று விரலைச் சேர்த்து, அவசரப்படாமல் இழுக்கவேண்டும். ஒரு இழுப்பு இன்னொரு இழுப்பின் மேல் பாதி ஏறவேண்டும். சாயம் அடிப்பதும் அப்படித்தான். வட்டமாக அடிக்கிற பையனைப் பட்டறையில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் வெளிறியும் போகும். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தும் நான் அவர்களிடம் சொன்னதில்லை. கேலி பண்ணுவதற்கு அது இடைஞ்சலாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர்கள் இரண்டு பேரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தார்கள். நான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தேன். சும்மா போயிருக்கலாம். பாயின் நடுவில் மல்லாக்கப் படுத்து, இடது தோளுக்கு அடியில் தலையணையைச் செருகி, இடது கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, சின்னம்மா குரலில், "இப்ப பாருங்க மக்களே, கோலக் கட்சி வேட்பாளர்" என்று வலது கையால் நெஞ்சில் தோசை ஊற்றினேன். அவள் தலையணையால் என்னை அடித்தாள். பிறகு அம்மாவின் குரலுக்கு மாறி, அக்குளிலிருந்து கோடு போட ஆரம்பித்தேன். கோடு என்றதும் கை தானாகப் பட்டறைக்குப் போய்விட்டது. விரல் படுத்துக்கொண்டது, வேகம் குறைந்தது. மூன்றாவது கோட்டிலோ நான்காவதிலோ, காம்புக்கு ஓர் அங்குலம் வெளியே, விரல் ஏறி இறங்கியது. கெட்டியாக, வலியில்லாமல், பட்டாணி அளவுக்கு. தோசை ஊற்றியபோதும் அதன் மேல்தான் போயிருக்கிறேன். விளையாட்டுக்கு விரல் கொனையால் தடவியதில் தெரியவில்லை. வட்டத்தின் மேல் குற்றமில்லை, தம்பி. கை அங்கே இருக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜோக்கை முடித்தேன். "கோட்டுக் கட்சி அமோக வெற்றி" என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டு எழுந்து, உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டேன். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பத்தொன்பது வயதிலிருந்து ஏழு வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு அலகுக் காவடி எடுத்தவன் நான். முதுகிலும் நெஞ்சிலும் கொக்கி போட்டுக்கொண்டு போனவன். அந்த இடத்திலும் ஒரு கொக்கி ஏறியிருக்கிறது. பழைய கொக்கித் தழும்பு உள்ளே கெட்டிப்பட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அது பிடித்துப்போகவே ஏழு மாதம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்படியென்றால் அதையாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்ல முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதை நான் உன் அம்மாவுக்கே போன வருஷம்தான் சொன்னேன். விரதம் சுத்தமாக இருந்தால் கொக்கி போட்ட இடத்தில் ரத்தமும் வராது, தழும்பும் நிற்காது என்று நம் ஆட்கள் சொல்வதை நீயும் கேட்டு வளர்ந்திருக்கிறாய். நான் மூன்றாவது வருஷம் காவடி எடுத்தபோது, விரதம் பாதியில் இருக்கையில், ஒரு மதியம் கூட்டாளி ஒருவனோடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். "ஒன்னால முடியாதுடா, நீ இப்ப சாமியாரு" என்றான். அவன் வாயை மூடுவதற்காக அங்கிருந்த அசைவச் சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்து, கோழியும் கணவாயும் வைத்து, குழம்பில் மிதக்கிற மாதிரி ஒரு தட்டு நாசி கண்டார் சோறு சாப்பிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் விபூதியும் பூசிக்கொண்டேன். அந்த வருஷமும் காவடி எடுத்தேன். எல்லாரும் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். அப்போது அது எனக்கு ஊரையே ஏமாற்றிய பெரிய ஜோக்காக இருந்தது.

ஆகவே நெஞ்சில் ஒரு தழும்பு கெட்டியாக நிற்கிறது என்றால், அன்றைக்கு நான் செய்ததற்கு முருகன் மெதுவாகப் பதில் ஜோக் அடிக்கிறார் என்று எனக்குள் ஓடியது. யாரிடம் காட்டினாலும், "விரதத்துல எதாச்சும் கொறயா?" என்று சின்னம்மா முதலில் கேட்பாள். கேட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வெட்கத்தில்தான் ஏழு மாதம் போனது. தினமும் குளித்தபின் அதன் மேல் விபூதியை அழுத்திப் பூசினேன். சொட்டையைப் பூச்சு போட்டு மறைத்துவிட்டு மேலே சாயம் அடித்து விற்கிறவனை நான் பட்டறையில் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன். அதையே என் உடம்பில் நான் செய்துகொண்டிருந்தேன்.

தீபாவளி அன்று விடியற்காலையில் அம்மா வழக்கம்போல என்னை முக்காலியில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். தலையிலிருந்து தோளுக்கு வந்து நெஞ்சுக்கு வந்தபோது கை நின்றது. "என்னங்க இது, ஒரு பக்கம் காம்பு உள்ள இழுத்துருக்கு?"

"பழைய காடி. பம்பர் உள்ள போயிருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையோடு மூன்று விரலையும் படுக்கவைத்து, அக்குளிலிருந்து ஆரம்பித்தாள். முதல் கோடு, இரண்டாவது கோடு. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் அழுத்திப் பார்த்தாள், லேசாகவும், கொஞ்சம் பலமாகவும், எலும்பு வரைக்கும்.

"எத்தன நாளா?"

"ஏழு மாசம்."

"எனக்குத் தெரியணும், இது வெளையாட்டு இல்லல்ல?"

"இல்ல."

அவள் மிச்ச எண்ணெயைத் தேய்த்து முடித்தாள். நாள் முழுக்க வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவள் முறுக்கையும் பிஸ்கோத்தையும் நீட்டி, எல்லாரிடமும் நலம் விசாரித்து, சிரித்து அனுப்பினாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சிரிப்பது எவ்வளவு உழைப்பு என்று அன்றுதான் வேறு ஒருவர் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலையில் கிளினிக் கதவு திறக்கும்போது நாங்கள்தான் முதல் ஆள். வரமாட்டேன் என்று சொன்னவள், எனக்கு முன்னால் இறங்கிப் போய் நம்பர் எடுத்தாள்.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாமோகிராம் எடுக்கிற இடத்தில் காத்திருந்த அத்தனை பேரும் பெண்கள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என்னிடம், "தம்பி, ஆம்பளங்க வெளிய ஒக்காரணும் போல" என்றார். உன் அம்மா, "இல்லக்கா, இன்னிக்கு இவரு மொற" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கொடுத்த தாளில் கடைசி மாதவிலக்கு எப்போது என்று ஒரு கேள்வி இருந்தது. இன்னும் வரவில்லை, காத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். படம் எடுக்கிற பெண் அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜோக் அடிக்காதே என்று உனக்கு நான் சொல்லவரவில்லை, புரிகிறதா? போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அடி. போகாமல் இருப்பதற்காக அடிக்காதே.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரிடம் கொக்கிக் கதையைச் சொன்னேன். தழும்பு தோலில் இருக்கும் ஐயா, இது தோலுக்கு அடியில் வேறாக இருக்கிறது என்றார். ஆண்களுக்கும் மார்பகச் சதை கொஞ்சம் உண்டு, அதில் அபூர்வமாக இது வரும் என்றார். "முன்னாடியே வந்திருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அறுவை சிகிச்சையில் இடது பக்கம் முழுவதையும், அக்குளில் சில நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். இப்போது மாத்திரை. மாதவிலக்கு நிற்கிற வயதில் பெண்களுக்கு வருவது போல, சில நேரம் உட்கார்ந்த இடத்தில் வேர்த்துக் கொட்டுகிறது. சின்னம்மா விசிறியைக் கொடுத்து, "வாங்க மாமா, எங்க கட்சியில சேந்துட்டீங்க" என்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.

அந்த நேரத்தில் உனக்குப் போனில் கொழுப்புக் கட்டி என்று சொன்னது நான்தான். அம்மா உண்மையைச் சொல்லச் சொன்னாள். உனக்குப் பரீட்சை இருக்கிறது என்றேன். பரீட்சை முடிந்ததும், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்றேன், பிறகு கல்யாணம் பேசுகிறோம் என்றேன். உண்மை என்னவென்றால், ஆம்பளைக்கு மார்பகப் புற்றுநோய் என்ற வார்த்தையை என் மகனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அது என் தப்பு. ஒன்றரை வருஷம் முன்பே நீ தெரிந்துகொண்டிருக்கவேண்டிய செய்தி. இப்போது சொன்னதற்குக் காரணம், போன மாதம் டாக்டர் மரபணு பற்றிப் பேசினார். மார்பில் வந்தது மரபில் இருக்கிறதா என்று பார்க்க என் ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வந்தபிறகு உனக்கும் பார்க்கலாமா என்று உன்னையே கூப்பிட்டுப் பேசுவார்களாம். அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தேன். நீ ரசம் ஊற்றினாய்.

இதைப் படித்து முடித்ததும் குளித்துவிட்டுக் கட்டிலில் படு. முதலில் கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, தோல் எங்காவது குழிந்திருக்கிறதா, எதாவது கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் படு. எந்தப் பக்கம் பார்க்கிறாயோ அந்தப் பக்கத்துக் கை தலைக்குப் பின்னால் போகட்டும். மறு கையின் நடு மூன்று விரல், சதை படும்படி. ஒவ்வொரு இடத்திலும் சில்லறைக் காசு அளவுக்குச் சின்னச் சுற்று, மெதுவாக ஒரு தடவை, கொஞ்சம் அழுத்தி ஒரு தடவை, எலும்பு தட்டுப்படுகிற வரைக்கும் ஒரு தடவை. அப்படியே கோட்டில் நகரு. கழுத்தெலும்பிலிருந்து விலாவின் கீழ் வரைக்கும், அக்குளிலிருந்து நெஞ்சின் நடு வரைக்கும். நமக்குச் சதை குறைவு, ஐந்து நிமிடம்தான் ஆகும். வட்டம்தான் வசதி என்றால் வட்டமே போடு, ஓரத்தையும் அக்குளையும் விடாதே. எதாவது இருந்தால் அதைத் தினமும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்காதே. உன் வயதில் பெரும்பாலும் அது வேறு எதாவதாகத்தான் இருக்கும். அதைச் சொல்லவேண்டியவர் டாக்டர். நீயும் வேண்டாம், நானும் வேண்டாம்.

தர்ஷினியிடம் சொல். அவள் சிரிக்கவைக்கிற ஒருவனைத் தேடிக் கட்டிக்கொள்கிறாள், அதில் தப்பில்லை. ஆனால் அந்த மாதிரி ஆளோடு வாழ்கிறவளுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. எது விளையாட்டு, எது இல்லை என்று அவளே எப்போதும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கவேண்டும். உன் அம்மா முப்பது வருஷம் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்தாள். உன் வீட்டில் அந்த வேலையை நீயே பார். சொல்லவேண்டியதை ஒரு தடவை சாதாரணக் குரலில் சொல், பிறகு வேண்டுமானால் சிரிக்கவை. அவளையும் மாதத்தில் ஒரு நாள் தன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல். பக்கத்தில் உட்கார்ந்து கேலி பண்ணாதே. எந்தக் கட்சி என்று அவளே முடிவு செய்யட்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமைக்குப் பட்டறையில் லீவு கேட்டுவிட்டேன். காலை ஏழு மணிக்கு உன் பிளாட்டுக்குக் கீழே காடியை நிறுத்திக்கொண்டு இருப்பேன். போன் போடமாட்டேன், மேலே வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னது விளையாட்டென்றால், இறங்கி வந்து, விளையாட்டுதான்ப்பா என்று என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட்டுப் போ. நான் நம்புகிறேன். விளையாட்டு இல்லையென்றால் எதுவும் சொல்லவேண்டாம், தம்பி. கிளினிக்கில் கேட்பார்கள், ஐ.சி. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்காரு. வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.